வினைமுற்று வரும்வரை

மும்பை செம்பூரில் ஒரு வீடு. “இந்த மாசம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போக...” என்று மனைவி தொடங்குகிறார். “இப்பப் போய் டிக்கெட் எங்கே கிடைக்கும்?” என்று கணவர் குறுக்கே விழுகிறார். மனைவி சொல்ல வந்தது, “போக வேணாம்னு பார்க்கிறேன்.” தமிழில் நடந்ததா நடக்கப்போகிறதா, ஆமாவா இல்லையா என்பதெல்லாம் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வந்து சேரும். பாதியில் வெட்டினால் விஷயமே போய்விடும்.

இப்படிக் குறுக்கே விழுவதைக் குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில் (தமிழ் அதில் இல்லை), ஆமா-இல்லை கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரி இடைவெளி சுமார் 200 மில்லி விநாடி. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே நமக்குச் சுமார் 600 மில்லி விநாடி பிடிக்கிறது. கணக்கு உதைக்கிறதே! எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே, முடிவை ஊகித்துப் பதிலைத் தயாரிக்கிறோம் என்பதுதான் விடை. ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது. பலிக்காத இடத்தில்தான் சண்டை.

சரி, வாயை மூடிக்கொண்டு ‘ம்’ கொட்டினால் போதுமா? கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவெலாஸ் குழு 2000இல் இதைச் சோதித்தது. ஒருவர் தமக்கு நேர்ந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவருக்கோ, ஆங்கில ‘t’ எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணும் ரகசிய வேலை. எண்ணியவர்களிடமிருந்து, திடுக்கிடுவது, முகம் சுளிப்பது போன்ற கதைக்கேற்ற எதிர்வினைகள் வெகுவாகக் குறைந்தன. அதன் விளைவு சொன்னவரிடமும் தெரிந்தது: கதையின் உச்சத்தில் வந்து தடுமாறினார். போனை நோண்டிக்கொண்டே “ம், சொல்லு” என்றால் மனைவி சொல்ல வந்ததைச் சுருக்கிக்கொண்டு எழுந்து போவது இதனால்தான். பொதுவான ‘ம்’மைவிட, “அய்யய்யோ, அப்புறம்?” என்று சரியான இடத்தில் விழும் ஒரு சொல் பெரிது.

பழகும் விதம் எளிது. வினைமுற்று காதில் விழுந்தபின் மனதுக்குள் ‘ஒன்று, இரண்டு’ எண்ணுங்கள். பிறகு கேட்டதை உங்கள் சொற்களில் ஒரே வாக்கியமாகத் திருப்பிச் சொல்லுங்கள்: “அப்ப, இந்த மாசம் போக வேணாம்ங்கறியா?” அவர் சொன்ன சொற்களையே கிளிப்பிள்ளை போல ஒப்பித்தால் கேலியாகத்தான் படும். அடுத்து ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று. யோசனை சொல்லும் ஆசை வந்தால், “யோசனை வேணுமா, கேட்டுக்கிட்டா போதுமா?” என்று கேட்டுவிடுங்கள். இதை டிவியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இரைச்சலில் குரல் தானாக உயரும் என்பதை லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதிவிட்டார். உயர்ந்த குரல் கோபமாகவே கேட்கும்.

சண்டை முற்றிய பிறகு இந்த உத்தி எதுவும் எடுபடாது. தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து நாடித்துடிப்பை அளந்த ஜான் காட்மன், துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது என்கிறார். குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும். “அரை மணி கழிச்சுப் பேசலாம்” என்று நேரத்தையும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொல்லாமல் போனால் அது முறைத்துக்கொண்டு போனதாகிவிடும். அந்த நேரத்தில் வாதத்தையே அசைபோட்டால் துடிப்பு இறங்காது.

ஊரிலிருக்கும் அப்பாவோடு வாட்ஸ்அப்பில் பேசும்போது சிக்கல் வேறு. குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்குள் ஆனால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறை. நெட் மந்தமாகித் தாமதம் கூடினால், 200 மில்லி விநாடிக்குப் பழகிய காது மௌனத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ளும். இருவரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்தி, “நீங்க சொல்லுங்கப்பா”, “இல்ல, நீ சொல்லு” என்று இழுபடும். அப்போது துண்டித்துவிட்டுச் சாதாரண அழைப்பில் கூப்பிடுங்கள். அதுவும் முடியாவிட்டால், பேசி முடித்ததும் “நீங்க என்ன சொல்றீங்கப்பா?” என்று கேள்வியாக முடித்து, மூன்று விநாடி வாய் திறக்காமல் இருங்கள்.