கரிமம், சேதனம், அங்ககம்: 'ஆர்கானிக்' என்ற சொல்லுக்கு எது பொருந்தும்?

'ஆர்கானிக்' என்பதன் வேர் கிரேக்கத்தின் 'ஆர்கனோன்'. முதலில் கருவி என்று பொருள்; பிறகு உடலுறுப்பையும் குறித்தது. உயிர்களிடம் கிடைக்கும் பொருள்களை ஆராயும் வேதியியலுக்கு இந்தப் பெயரை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியவர் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ். அப்பொருள்கள் உண்டாக, உயிர்களிடம் மட்டுமே உள்ள உயிராற்றல் வேண்டும் என்று அன்று நம்பினார்கள்.

'அங்கம்' என்றால் உறுப்பு. ஆகவே கிரேக்க வேருக்கு மிக நெருக்கமானது 'அங்ககம்'. அது இன்று பெரும்பாலும் அங்கக வேளாண்மையோடு நின்றுவிட்டது. இலங்கைப் பாடநூல்கள் சேதன இரசாயனம் என்கின்றன. சேதனம் என்றால் உணர்வுள்ளது, உயிருள்ளது. தமிழ்நாட்டில் கரிம வேதியியல்: கரியிலிருந்து கரிமம், அதாவது கார்பன்.

சேதனத்துக்குச் சிக்கல் 1828-இல் வந்தது. பெர்சீலியசிடம் பயின்ற பிரீட்ரிக் வோலர், அம்மோனியம் சயனேட் எடுக்க நினைத்து, வெள்ளி சயனேட்டோடு அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சேர்த்தார். வெள்ளி குளோரைடு வெண்மையாகப் படிந்தது. வடிகட்டி, நீரை வற்றவைத்தால் நிறமற்ற நாற்பக்கப் படிகங்கள். அம்மோனியம் உப்பென்றால் பொட்டாஷ் காரம் பட்டதும் அம்மோனியா நெடி அடிக்க வேண்டும், அடிக்கவில்லை. நைட்ரிக் அமிலம் விட்டால் பளபளக்கும் செதில்கள் வந்தன. சிறுநீரிலிருந்து எடுத்த யூரியாவும் அப்படியே நடந்துகொள்ளும். அம்மோனியம் சயனேட், யூரியா இரண்டிலும் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன்தான். அடுக்கு மட்டும் வேறு. சூடேறியதும் அம்மோனியம் சயனேட் யூரியாவாக மாறிவிடுகிறது. சிறுநீரகமே இல்லாமல் யூரியா செய்ததாக வோலர் பெர்சீலியசுக்கு எழுதினார்.

உயிராற்றல் கொள்கை அன்றே செத்தது என்பது மிகை. சயனேட்டுக்கான மூலப்பொருளே அப்போது கொம்பு, இரத்தம் போன்ற விலங்குக் கழிவிலிருந்துதான் வந்தது. 1845-இல் ஜெர்மன் வேதியியலாளர் கோல்பே தனிமங்களிலிருந்து தொடங்கி அசெட்டிக் அமிலம் செய்த பிறகே அக்கொள்கையின் பிடி மேலும் தளர்ந்தது. 1861-இல் இன்னொரு ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலே இத்துறையைக் கார்பன் சேர்மங்களின் வேதியியல் என்றே வரையறுத்தார். அந்த வரையறைக்கு நேரான தமிழ் 'கரிமம்'. வேதியியலுக்கு அதையே பரிந்துரைப்போம்.

ஆனால் கார்பன் இருப்பதெல்லாம் கரிமச் சேர்மம் ஆகாது: கார்பன் டை ஆக்சைடு, கார்பனேட்டுகள், சயனேட்டுகள் கனிமப் பக்கம். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு வேண்டும் என்று மனப்பாடம் செய்தால் யூரியாவே வெளியே போய்விடும். அதில் அப்பிணைப்பு ஒன்றுகூட இல்லை.

உரத்தில் கணக்கு வேறு. யூரியா இலங்கைப் பாடநூலில் சேதனச் சேர்வை (கரிமச் சேர்மம்), வயலில் இரசாயனப் பசளை (உரம்). 2021-இல் இலங்கை இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து சேதனப் பசளைக்கு மாறச் சொன்னபோது, யூரியா தடைப் பட்டியலில்தான் இருந்தது.