நீட்டில் 50 பெர்சன்டைல் என்றால் எத்தனை மதிப்பெண்?

இளநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் பொதுப்பிரிவினர் தகுதி பெற 50 பெர்சன்டைல் வேண்டும் என்பது விதி. அப்படியானால் 720-க்கு 360 எடுக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். தகுதி பெறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண், அதாவது கட்-ஆஃப், 2022-இல் 117, 2023-இல் 137, 2025-இல் 144. 137 என்பது 720-இல் 19 சதவீதம்தான்.

பெர்சன்டைல் கணக்கு எளிது. உங்களுக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அதை எழுதியவர்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்.

கோத்தகிரியில் 40 பேர் மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவிக்கு 310. அவரையும் சேர்த்து 310-ம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 34 பேர். 34-ஐ 40-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 85 பெர்சன்டைல். பாதி மதிப்பெண்கூட வரவில்லை, ஆனால் அவருக்கு மேலே ஆறே பேர்தான்.

இதே 40 பேரைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து வரிசைப்படுத்தினால், 20-ஆவது ஆளின் மதிப்பெண்தான் 50 பெர்சன்டைல். அவர் 188 எடுத்திருந்தால் கட்-ஆஃப் 188. அடுத்த தேர்வில் இயற்பியல் படுத்தியெடுத்து, அந்த இடத்தில் 150 எடுத்தவர் நின்றால் 150. ‘இந்த வருஷம் இவ்வளவுதான்’ என்று தேர்வுக்கு முன்பே அடித்துச் சொல்கிறவர்கள் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்கள்.

எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 40 பெர்சன்டைல் போதும். நீலகிரியின் தோடர், கோத்தர், இருளர், பணியர் எல்லாம் எஸ்.டி. பட்டியலில் வருவார்கள். இந்த 40-ஐ அந்தப் பிரிவினருக்குள் மட்டும் கணக்கிடுவதில்லை. அகில இந்தியப் பட்டியல் முழுவதையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். நம் உதாரணத்தில் அது 16-ஆவது ஆளின் மதிப்பெண். முதுநிலை நீட்டில் 2023-இல் இடங்கள் காலியாகக் கிடந்ததால் கட்-ஆஃபைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கே இறக்கினார்கள். எழுதிய எல்லாருமே தகுதி!

சரி, தகுதி பெற்றால் சீட் உறுதியா? இல்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் 150 இடங்கள். 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி மாநிலக் கலந்தாய்வில், தரவரிசைப்படி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அவர்களும் கட்-ஆஃபைத் தாண்டியிருக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டுக்கு அந்த வகுப்புகளை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று தேவை. கூடலூரில் பத்து வரை, ஊட்டியில் மேல்நிலை என்று பள்ளி மாறியவர்கள் முடிவு வருவதற்கு முன்பே இரண்டு இடத்திலும் கேட்டு வாங்கி வையுங்கள்.