எல்லைக்கல்லைப் படம் எடுக்க அனுமதி வேண்டுமா?

அமெரிக்க–மெக்சிகோ எல்லையில், டெக்சாஸின் எல் பாசோ நகரிலிருந்து பசிபிக் கடற்கரை வரை 276 எல்லைக்கற்கள் உண்டு. 1850களில் நட்டவை வெறும் 52. அவற்றில் பல வெறும் கற்குவியல்கள் என்பதால் கலைந்துபோயின. 1890களில் மறுபடி அளந்து 258 ஆக்கி, கிழக்கிலிருந்து மேற்காக எண் போட்டார்கள். மற்றவை பின்னால் சேர்ந்தவை. அளவைக் குழுவோடு போன டி. ஆர். பெய்ன் அவற்றைப் படம் எடுத்து வைத்தார். இன்று கற்களைத் தேடிப் போகிறவர்கள் அந்தப் படங்களை அவசியம் பார்க்க வேண்டும்.

சரி, அனுமதி? எல்லைக்கல்லைப் படம் எடுக்கவென்று தனி உரிமம் ஏதும் இல்லை. யாருடைய நிலத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

தேசியப் பூங்கா நிலம்தான் எளிது. அரிசோனாவின் கொரோனாடோ தேசிய நினைவிடத்தில் 102ஆம் கல் வரை நடைபாதை இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த எக்ஸ்ப்ளோர் என்ற அமெரிக்கச் சட்டப்படி, ஐந்து பேர் வரை கையில் எடுத்துப்போகும் கருவிகளோடு போனால், விற்பதற்கான படமானாலும் கட்டணம் கிடையாது. டிரோன் கூடாது. கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அதே அரிசோனாவின் கபேசா பிரியேட்டா வனவிலங்குப் புகலிடத்தில் நுழையவே அனுமதிச்சீட்டு வேண்டும். டோஹோனோ ஓதாம் பழங்குடி மக்களின் நிலத்தில் அவர்களுடைய நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். அவர்களின் பூர்வீக மண்ணை இரண்டாகப் பிரித்த கோடு இது. கேட்காமல் போவது சட்டத்துக்கு மட்டுமல்ல, மனிதத்தன்மைக்கும் சரியில்லை.

இப்போது பெரிய சிக்கல் ராணுவ நிலம். கலிஃபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையோரம் 60 அடி அகல நிலத்தை 1907இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் அரசுக்கென ஒதுக்கினார். அதில் நியூ மெக்சிகோ பகுதி 2025 ஏப்ரலில் ராணுவத்தின் கைக்குப் போனது. அப்புறம் வேறு இடங்களுக்கும் இது விரிந்தது. அனுமதியின்றி நுழைந்தால் வழக்கு வரும். எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் கேமராவை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஒரு படத்துக்காக இந்த ஆபத்து வேண்டாம்.

எல்லை வேலி அமெரிக்க மண்ணுக்குள் சற்றுத் தள்ளிப் போடப்பட்டது. அதனால் பல கற்கள் வேலிக்குத் தெற்கே மாட்டிக்கொண்டன. மெக்சிகோ பக்கமிருந்து எடுக்க விரும்பினால் முறையான சோதனைச் சாவடி வழியாகப் போய், சாவடி வழியாகவே திரும்புங்கள். மெக்சிகோ நகரமான டிஹுவானாவின் கடற்கரையில் 258ஆம் கல்லை இப்படிப் பார்க்கலாம். சாவடி இல்லாத இடத்தில் அமெரிக்காவுக்குள் திரும்பினால், அந்நாட்டுக் குடிமக்களுக்கும் முதல் முறையே 5,000 டாலர் அபராதம் விதிக்க முடியும்.

கல்லில் ஏறுவதோ பெயர் கீறுவதோ கூடவே கூடாது. கற்களை அழிப்பதும் நகர்த்துவதும் 1882 உடன்படிக்கையிலேயே குற்றம். உடைந்த கல்லைக் கண்டால் எண்ணைக் குறித்து, இரு நாடுகளின் சர்வதேச எல்லை மற்றும் நீர் ஆணையத்துக்குத் தெரிவிக்கலாம். பராமரிப்பு அவர்கள் பொறுப்பு.