சானெட்: சொல்லும் யாப்பும்

சானெட் (பெயர்ச்சொல்): பதினான்கு அடிகளில் ஒரே கருத்தை எடுத்து வளர்த்து, நடுவில் ஒரு திருப்பம் வைத்து முடிக்கும் இயைபுப் பாடல் (இயைபு: அடிகளின் ஈற்றோசை ஒத்து வருவது). சானட், சொனெட் என்றும் எழுதுவதுண்டு.

இலத்தீனில் 'சோனுஸ்' என்றால் ஒலி. அதன் வழிவந்த 'சோன்', தென்பிரான்சின் ஆக்ஸிதான் மொழியில் பாட்டைக் குறித்தது. அதோடு குறுமை விகுதி சேர்ந்து 'சோனெத்', அதாவது சிறுபாட்டு, ஆயிற்று. இத்தாலியில் அது 'சொனெத்தோ'. வடிவம் பிறந்தது சிசிலியில், 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அவையில். அங்கிருந்த ஜாக்கோமோ தா லென்தீனியை முதல் சானெட் புலவராகக் கருதுகிறார்கள். அடுத்த நூற்றாண்டில் பெத்ரார்க்கா தம் தொகுப்பில் 317 சானெட்டுகளை வைத்து வடிவத்தை நிலைநிறுத்தினார். 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் வையட்டும் சர்ரே பிரபுவும் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சிலகாலம் எந்தக் குறும்பாட்டையும் சானெட் என்று சொல்லிவந்தார்கள். பத்து அசையில் (தமிழ் யாப்பின் நேர், நிரை அல்ல; ஆங்கிலத்தின் syllable) பதினான்கு அடி வந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும் என்று 1575இல் ஜார்ஜ் காஸ்கோயின் வரையறுத்தார்.

பெத்ரார்க்கா வகை எட்டும் ஆறுமாகப் பிரியும். ஒரே ஓசையில் முடியும் அடிகளுக்கு ஒரே எழுத்து என்று இயைபைக் குறித்தால் கசசக கசசக. பிறகு டதப டதப அல்லது டதடதடத. திருப்பம் 9ஆம் அடியில் விழும். இத்தாலியில் ஒத்த ஈறுள்ள சொற்கள் மலிவு, அதனால் நான்கைந்து ஓசையே போதும். ஆங்கிலத்தில் அவை அரிது. அதனால் ஷேக்ஸ்பியர் வகை ஏழு ஓசைகளுக்கு விரிந்தது: கசகச டதடத பமபம ரர. இதில் கடைசி இரண்டடி தனியாக நின்று முடித்துவைக்கும். விதியை மீறியதும் அவரே: 1609இல் வெளியான அவருடைய 154 சானெட்டுகளில் 99ஆவதற்கு 15 அடி, 126ஆவதற்கு 12 அடி.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். ஈரேழ்வரிப்பா என்பதைவிடப் பதினான்கடிப்பா நல்லது; யாப்பில் எண்ணுவது அடியை, வரியை அல்ல. ஆனால் இரண்டுமே கணக்கை மட்டும்தான் சொல்கின்றன. அகநானூற்றுப் பாடல்களின் எல்லை 13 முதல் 31 அடி. அங்குள்ள பதினான்கடிப் பாட்டை யாரும் சானெட் என்பதில்லை. பரிதிமாற் கலைஞர் (1870–1903) சானெட்டைப் பின்பற்றி எழுதிய தொகுப்புக்குத் 'தனிப்பாசுரத் தொகை' என்று பெயரிட்டார். அழகான பெயர்தான், ஆனால் பாசுரம் என்றதும் ஆழ்வார்கள் முன்னே வந்து நிற்கிறார்கள். கட்டுரையில் பதினான்கடிப்பா, பேச்சில் சானெட் என்பதே என் பரிந்துரை.

தமிழில் எழுத நாற்சீர் கொண்ட அளவடியை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் அளவடிக்கு மெய்யை எண்ணாமல் 10 முதல் 14 எழுத்து என்கிறது. ஆங்கிலத்தின் பத்து அசையும் இத்தாலியின் பதினோரு அசையும் அதற்குள் அடங்கிவிடும்.

சிக்கல் அடியின் ஈற்றில்தான். வினைமுற்றில் முடிக்கும் பழக்கத்தால் வந்தான், நின்றான், சொன்னான் என்றே இயைபு அமையும். 'க' எது, 'ச' எது என்று காதுக்குத் தெரியாமல் கோலமே அழிந்துபோகும். விகுதியை நம்பாமல் பெயரில் முடியுங்கள்: மழை, இழை, தழை ஓர் ஓசை, கரும்பு, அரும்பு, இரும்பு இன்னொன்று. இயைபு வேண்டாம், எதுகையால் கோலம் போடுவேன் என்பவர்கள் முதலெழுத்தின் அளவையும் பார்க்க வேண்டும். பட்டு–கட்டு எதுகை, பட்டு–பாட்டு ஆகாது.

பாவகையில் நேரிசை ஆசிரியப்பாவைத் தொடாதீர்கள். அதன் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீர். பதினான்கடியில் அது 13ஆம் அடியாகிவிடும். ஷேக்ஸ்பியர் வகையின் முடிப்பு இரட்டை அங்கேதான் தொடங்குகிறது, ஓரடி குட்டையாகி இணை நொண்டும். எல்லா அடியும் நாற்சீராக வரும் நிலைமண்டில ஆசிரியப்பாவே இதற்கு ஏற்றது.