‘வேகமான லென்ஸ்’: வேகம் எதில்?

கேமரா லென்ஸ் பற்றித் தமிழில் பேசுகிற காணொளி எதைத் திறந்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது: “இது வேகமான லென்ஸ், அதனாலதான் இந்த விலை.” எழுத்தில் வரும்போது இன்னும் மோசம். ‘விரைவு லென்ஸ்’, ‘வேக வில்லை’, ‘அதிவேக வில்லை’ என்று ஆளுக்கொன்று. கேட்கிறவர் என்ன நினைப்பார்? பட்டென்று ஃபோகஸ் ஆகும், ஓடுகிற பிள்ளையைக் கூடத் தவறாமல் பிடிக்கும் என்றுதான் நினைப்பார். அவர் மேல் தப்பில்லை. தமிழில் வேகம் என்றால் அதுதான். ஆனால் ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ என்பது திறப்பு பெரிதாக, வெளிச்சத்தை அதிகமாக உள்ளே விடுகிற லென்ஸ்.

முதலில் லென்ஸ். லத்தீனில் அது ஒரு பருப்பின் பெயர். உடைக்காத மைசூர்ப் பருப்பை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் புடைத்த சின்ன வட்டம். தமிழில் ‘வில்லை’ என்பதும் வட்டத் துண்டுதான். சந்தன வில்லை, மருந்து வில்லை என்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் வில்லை என்கின்றன, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் குவிலென்சு, குழிலென்சு என்று படித்தோம். எதைச் சொன்னாலும் சரி. தகராறு முன்னால் ஒட்டிய வேகத்தில்தான்.

ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ என்ற அடைமொழி ஒட்டியதற்குக் காரணம் உண்டு. 1839இல் பிரெஞ்சுக்காரர் டாகேரின் புகைப்பட முறை வெளியானபோது லென்ஸின் திறப்பு ஏறக்குறைய எஃப் 16 அளவுதான் (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). நல்ல வெயிலிலும் நிமிடக்கணக்கில் ஆடாமல் உட்கார வேண்டும். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் எஃப் 3.6 லென்ஸை வடிவமைத்தார். கிட்டத்தட்ட இருபது மடங்கு வெளிச்சம் உள்ளே வந்தது, உட்கார வேண்டிய நேரமும் அந்த அளவுக்குச் சுருங்கியது. 1866இல் லென்ஸ் தயாரிப்பாளர் டால்மேயர் கொண்டுவந்த லென்ஸின் பெயரிலேயே ‘ராபிட்’, அதாவது விரைவு, இருந்தது. அதன் திறப்பு எஃப் 8! இன்று கேமராவோடு சும்மா கொடுக்கிற கிட் லென்ஸ்கூட அதைத் தாண்டித் திறக்கும். ஆக, வேகம் லென்ஸினுடையதே அல்ல. தகட்டில் படம் பதிந்து முடிகிற வேகம். லென்ஸ் மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு எண்ணிய காலத்துப் புகைப்படக்காரருக்கு அது சொல்லாமலே விளங்கும். நமக்கு விளங்காது.

விளங்காததோடு நின்றால் பரவாயில்லை, தலைகீழாக விளங்குகிறது. கேனானின் 85 மி.மீ. லென்ஸ்களில் எஃப் 1.8 ஒன்று, எஃப் 1.2 எல் ஒன்று (‘எல்’ என்பது கேனானின் உயர்தர வரிசை). ‘வேகமானது’ இரண்டாவது; விலையும் பல மடங்கு. ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த லென்ஸ் ஃபோகஸ் செய்வதில் மந்தம் என்று பெயர் எடுத்தது. கனமான கண்ணாடிகளை மோட்டார் நகர்த்தியாக வேண்டுமே. நானூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள மலிவு லென்ஸ் சட்டென்று பிடித்துவிடும். பள்ளி விளையாட்டு விழாவில் மகள் ஓடுவதைப் படமெடுக்க ‘வேகமான லென்ஸ்’ தேடிப்போகிற அப்பாவுக்கு இந்த மொழிபெயர்ப்பு எதை வாங்கிக் கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. மற்ற மொழிக்காரர்கள் பலர் இந்த ஆங்கில வழக்கைத் தொடவே இல்லை. ஜெர்மன்காரர் இதை ஒளிவலு மிக்கது என்ற பொருளில் ‘லிஹ்ட்ஷ்டார்க்’ என்கிறார். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் ஒளியுள்ள லென்ஸ். ஜப்பானியர், அதாவது இந்த லென்ஸ்களில் பெரும்பகுதியைச் செய்து உலகத்துக்கு விற்றவர்கள், ‘அகாருய்’ என்கிறார்கள்; வெளிச்சமான என்று பொருள். நாம் மட்டும் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதி, அந்த மொழியின் பழைய கணக்கையும் சேர்த்துச் சுமக்கிறோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தனித்தமிழ் அன்பர்கள் ‘பெருந்துளை வில்லை’ என்கிறார்கள். காதுக்கு நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை. எஃப் எண் என்பது குவியத் தொலைவை (லென்ஸின் பெயரில் வரும் அந்த மி.மீ. எண்) திறப்பின் விட்டத்தால் வகுத்து வருவது. 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸின் திறப்பு 42 மி.மீ. போல வரும். 300 மி.மீ. எஃப் 4 லென்ஸில் அது 75 மி.மீ. துளை பெரிது எதில்? இரண்டாவதில். சென்சாருக்கு வெளிச்சம் அதிகம் தருவது எது? முதலாவது, அதுவும் பதினொரு மடங்கு. பெருந்துளை என்ற பெயர் போகவேண்டியது எதற்கு என்று அந்த அன்பர்களே சொல்லட்டும். ‘அகல்துளை’ என்று மாற்றினால் அகலக்கோண லென்ஸோடு குழம்பும். குவியத் தொலைவைச் சார்ந்து பார்த்தால் பெரிது என்ற பொருளில் ‘சார்பெருந்துளை’ என்று ஒரு நண்பர் திருத்தம் சொன்னார். அதைக் கடையில் போய்க் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

‘வெளிச்சமான லென்ஸ்’ என்றே சொல்லலாம். வெளிச்சமான என்றால் தானே ஒளிவிடுவது போல ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. வாடகைக்கு வீடு பார்க்கப் போய் “வீடு நல்லா வெளிச்சமா இருக்கு” என்கிறோம். வீடா ஒளிவிடுகிறது? உள்ளே வெளிச்சம் தாராளமாக வருகிறது என்பதுதான் அர்த்தம், யாருக்கும் குழப்பமில்லை. சுருக்கமாக எழுத வேண்டுமா, ‘ஒளிமிகு வில்லை’ என்று எழுதுங்கள். எனக்கு ஆட்சேபமில்லை.

இப்படிச் சொன்னால் விலைப் பேச்சும் நேராகிவிடும். கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் ஆறு கண்ணாடிகள், எடை 160 கிராம். எஃப் 1.2 எல்லில் எட்டுக் கண்ணாடிகள், அரைக் கிலோவுக்கு மேல் கனம், விலை பத்து மடங்கு. கூடுதலாக வருகிற வெளிச்சம் இரண்டேகால் மடங்கு. இரவு வரவேற்பில், மண்டப விளக்கைத் தவிர வேறு துணையில்லாமல் முழுக்கத் திறந்து எடுத்தால் அந்த வித்தியாசம் தெரியும். பின்னணி கரைகிற விதமும் வேறு. அதே இரண்டு லென்ஸையும் எஃப் 8க்குச் சுருக்கி, பகலில் ஒரு கோபுரத்தை எடுத்து, 1080 பிக்சல் அகலத்தில் இன்ஸ்டாகிராமில் போடுங்கள். எது எது என்று சொல்ல முடிந்தால் நான் தொப்பியைக் கழற்றுகிறேன். தொப்பி போடும் பழக்கம் இல்லை என்பது வேறு விஷயம். காசு போவது வெளிச்சத்துக்கும், முழுக்கத் திறந்தபோதும் ஓரங்கள் கெடாமல் பார்த்துக்கொள்ளும் கண்ணாடிக்கும். ‘வேகமானது’ என்று சொல்லி விற்கும்போது வாங்குகிறவருக்கு இது தெரிவதே இல்லை.

வேகத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. ஜூம் ஆகாத, ஒரே குவியத் தொலைவுள்ள லென்ஸ், ஆங்கிலத்தில் ‘பிரைம்’, தமிழில் ‘முதன்மை லென்ஸ்’ ஆகிறது. அப்படியானால் மற்றதெல்லாம் துணை லென்ஸா? ‘நிலைக்குவிய லென்ஸ்’ என்றால் என்ன குறைந்துவிடும்? படத்தில் தெறிக்கிற புள்ளிகளை, ஆங்கிலத்தில் ‘நாய்ஸ்’ என்பதால், ‘சத்தம்’ என்று எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ‘ஒரு நிறுத்தம் கூடுதல் வெளிச்சம்’; ஆங்கிலத்தில் ‘ஒரு ஸ்டாப்’, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் லென்ஸ் குழலின் பிளவில் செருகுவதற்கு, வெவ்வேறு அளவில் துளையிட்ட தகடுகளைக் கொண்டுவந்தார். வெளிச்சத்தைத் தடுத்ததால் அந்தத் தகட்டுக்கு ‘ஸ்டாப்’ என்று பெயர். அதற்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நம் ஒளிப்பதிவாளர்கள் “ஒரு ஸ்டாப் திற” என்று பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், யாருக்கும் புரியாமல் போகவில்லை. தமிழாக்க வேண்டுமானால் ‘படி’ இருக்கிறது: ஒரு படி ஏற்று, ஒரு படி இறக்கு.