ஆன்டிஆக்ஸிடன்ட்: எதிர்ப்பியா, தடுப்பியா?

என் அண்ணன் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். இந்தப் பருவத்தில் அவளுக்கு ஓர் ஆய்வு வேலை கொடுத்திருக்கிறார்கள். கடையில் விற்கும் மூலிகை மருந்துகள் நுண்ணுயிர்களை எவ்வளவு அடக்குகின்றன, அவற்றின் ஆன்டிஆக்ஸிடன்ட் தன்மை எவ்வளவு என்று சோதிக்க வேண்டும். சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் திரிபலா சூரணமும் நிலவேம்புப் பொடியும் வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள்.

"இதுல என்னம்மா பார்க்கப் போற?" என்று என் அம்மா கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, "எதிர்ப்புச் சக்தி பார்க்கப் போறேன், பாட்டி" என்றாள்.

"அப்படின்னா எனக்கும் தினம் ஒரு கரண்டி குடு" என்றார் அம்மா.

பேத்தி சொன்னது ஒன்று, பாட்டி காதில் விழுந்தது இன்னொன்று. அம்மாவைப் பொறுத்தவரை எதிர்ப்புச் சக்தி என்றால் நோய் வராமல் உடம்பைக் காப்பது. பேத்தி அளக்கப் போவதோ சோதனைக் குழாயில் நடக்கும் ஒரு நிறமாற்றம். இந்தக் குழப்பத்துக்கு அவள் காரணமில்லை, ஆன்டிஆக்ஸிடன்டுக்கு 'எதிர்ப்பு' என்று நாம் புழங்கும் சொல்தான் காரணம். அதனால் ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல்லை அடியிலிருந்தே பார்க்கலாம்.

ஆக்ஸிஜன் என்ற பெயரை வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே. 1770களின் கடைசியில் வைத்தார். கிரேக்கத்தில் 'ஒக்ஸுஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. பின்பாதி, 'பிறப்பிப்பது' என்ற பொருளில் வருவது. எல்லா அமிலத்திலும் இந்த வாயு இருக்கிறது என்று அவர் நம்பியதால் புளிப்பைப் பிறப்பிப்பது என்று பெயர் வைத்தார். அது தவறு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜனே இல்லை என்று 1810இல் ஹம்ஃப்ரி டேவி காட்டினார். ஆனால் அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது.

அதிலிருந்து பிறந்ததுதான் ஆக்ஸிஜனேற்றம். ஒரு பொருளோடு ஆக்ஸிஜன் சேர்வது என்பது பழைய பொருள். இன்று எலக்ட்ரானை இழப்பது எதுவானாலும் ஆக்ஸிஜனேற்றம்தான், ஆக்ஸிஜன் பக்கத்தில்கூட இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை ஆக்ஸிஜனேற்றம் என்றும், இதற்கு மறுதலையை ஒடுக்கம் என்றும் எழுதுகின்றன. இலங்கையில் ஒட்சியேற்றம், தாழ்த்தல்.

நம் வீடுகளில் இந்த வினைக்கு எப்போதோ பெயர் இருக்கிறது. இரும்பில் நடந்தால் துரு, செம்பிலும் பித்தளையிலும் நடந்தால் களிம்பு, எண்ணெயில் நடந்தால் சிக்கு வாடை. பொருளுக்கு ஒரு பெயராக வைத்தார்களே தவிர, மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வைக்கவில்லை. அந்தப் பொதுச்சொல்லை வேதியியல்தான் கொண்டுவந்தது.

சரி, அதைத் தடுக்கும் பொருள் எப்படி வந்தது? ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் மருந்துப் புட்டிக்கு வருவதற்கு முன்பே தொழிற்சாலையில் இருந்தது. உலோகம் அரிக்காமல் இருக்கவும், ரப்பர் கெடாமல் இருக்கவும் சேர்த்த பொருள்களுக்கு அந்தப் பெயர். சமையலறை இழுப்பறையில் ரொம்ப நாள் கிடந்த ரப்பர் வளையத்தை எடுத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று கையோடு ஒட்டும், இல்லையென்றால் இழுத்ததும் பொடிந்துபோகும். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் செய்யும் வேலை அது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். பூமலை என்று பழையவர்கள் சொல்லும் தாவரவியல் பூங்காவுக்கு அந்த மரக்கன்றுகள் 1877இல் வந்தன. அந்தத் தலைமுறை இறக்கிய பாலில் செய்த சரக்கைக் காத்த பொருளுக்கு வழங்கிய சொல் இன்று திரிபலா புட்டியில் நிற்கிறது என்று நினைக்கும்போது எனக்கு அந்தச் சொல்மேல் தனி ஒட்டுதல்.

இதற்குத் தமிழில் பல சொற்கள் புழங்குகின்றன. 'எதிர் ஆக்ஸிஜனேற்றி', 'உயிர்வளி எதிர்ப்பி', 'ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்' எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். 'உயிர்வளி எதிர்ப்பி' எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. மூச்சுக்கு வேண்டிய வாயுவுக்கே பகை என்பதுபோல் ஒலிக்கிறது. இந்தப் பொருள் எதிர்ப்பது ஆக்ஸிஜனை அல்ல, ஏற்றத்தை. முதல் சொல்லைக் கேட்டால் எதிர்த்திசையில் ஏற்றுவது எதுவோ என்று தோன்றும். மூன்றாவதுதான் வேலையைச் சரியாகச் சொல்கிறது. மண்வெட்டி, குளிரூட்டி, ஒலிபெருக்கி என்று 'இ' விகுதியால் கருவிப்பெயர் ஆக்குவது நமக்குப் பழக்கம் என்பதால், ஆக்ஸிஜனேற்றத் தடுப்பி என்று எழுதுகிறேன்.

அண்ணன் மகள் செய்யும் சோதனையும் இந்தப் பெயருக்குத்தான் பொருந்துகிறது. டிபிபிஹெச் என்று ஒரு வேதிப்பொருள். மெத்தனாலில் கரைத்தால் நல்ல கத்தரிப்பூ நிறம். அதில் இணை சேராத ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. பாடநூல் இப்படிப்பட்டதைத் தனி உறுப்பு என்கிறது. மூலிகைச் சாற்றைச் சேர்த்து, வெளிச்சம் படாமல் அரைமணி நேரம் வைத்தால், சாற்றிலுள்ள பொருள்கள் அதற்கு வேண்டியதைக் கொடுக்கக் கொடுக்க நிறம் வெளுத்து மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து, வைட்டமின் சி-யோடு ஒப்பிடுவார்கள். இந்த முறை 1958இல் வந்தது. இதில் உடம்பும் இல்லை, நோயும் இல்லை.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது வாழைப்பூ நினைவுக்கு வந்தது. ஆய்ந்ததும் மோர்த்தண்ணீரில் போடுவாரே, கறுக்காமல் இருக்க. மோரின் புளிப்பு கறுப்பாக்கும் நொதியை மந்தமாக்குகிறது. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அந்தப் புளிப்போடு அதிலுள்ள வைட்டமின் சி-யும் சேர்ந்து ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிறது. "ஓ, கறுக்காம வைக்கிறதா?" என்றார். அவ்வளவுதான், விளங்கிவிட்டது.

ஆனால் பூ கறுக்காததும் உடம்பு நலமாக இருப்பதும் ஒன்றல்ல. உணவுகளின் தடுப்புத் திறனை எண்ணாகத் தந்த ஓராக் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இல் எடுத்தே விட்டது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, ஆனால் விற்பவர்கள் அவற்றைக் காட்டியே விற்றார்கள். பின்லாந்தில் 29,000க்கு மேற்பட்ட ஆண் புகைப்பாளர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது.

நுண்ணுயிர்ச் சோதனையிலும் இதே சொல் சிக்கல்தான். நுண்ணுயிர் நல்ல சொல். 'மைக்ரோப்' என்று 1878இல் பிரெஞ்சில் ஆக்கிய பெயரும் சிறுமை, உயிர் என்ற இரண்டைத்தான் சேர்க்கிறது. அதோடு நாம் சேர்க்கும் பின்பாதியில்தான் தடுமாற்றம், கொல்லியா, எதிர்ப்பியா, தடுப்பியா என்று. ஜெல்லி போன்ற அகர் தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்த்த சின்ன வட்டக் காகிதத்தை வைத்து, ஓர் இரவு சூட்டில் வைப்பார்கள். காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தெரிந்தால், அதை மில்லிமீட்டரில் அளப்பார்கள். வளையம் சொல்வது இங்கே வளரவில்லை என்பதை மட்டும். செத்ததா, அடங்கிக் கிடக்கிறதா என்று அறிய வேறு சோதனை வேண்டும். அதனால் வளையத்தை மட்டும் பார்த்துவிட்டு 'நுண்ணுயிர்க்கொல்லி' என்று எழுதுவது அவசரம்.

'நுண்ணுயிர் எதிர்ப்பி' பரவலாக இருக்கிறது. ஆனால் எதிர்ப்பு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு வேலை. நோயை உடம்பு எதிர்ப்பதும் எதிர்ப்பு, மருந்தைக் கிருமி எதிர்ப்பதும் எதிர்ப்பு. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி எழுதப் போனால் 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு' என்று எழுத வேண்டியிருக்கிறது. யாருக்குப் புரியும்? நுண்ணுயிர்த் தடுப்பி என்றால் அந்த இடறல் இல்லை.

இங்கே இன்னொன்றும் உண்டு. கிருமியை அடக்குகிறதா என்று பார்க்கும் பொடியிலேயே கிருமி இருக்கலாம். அரைத்த இலையும் வேரும் மண்ணிலிருந்து வந்தவைதானே. அதனால் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பாரம்பரிய மருந்துகளில் நுண்ணுயிருக்கும் நச்சு உலோகங்களுக்கும் வரம்பு வைத்திருக்கிறது. புற்றுநோயையோ நீரிழிவையோ குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவும் அனுமதி இல்லை.

அண்ணன் மகள் தன் ஆய்வைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். 'திரிபலா சூரணம் எதிர்ப்புச் சக்தி உள்ளது' என்று எழுதியிருந்த இடத்தை அடித்து, 'திரிபலா சூரணத்தின் சாறு, சோதனைக் குழாயில் ஆக்ஸிஜனேற்றத் தடுப்புத் திறனைக் காட்டியது' என்று மாற்றினேன். "நீளமா இருக்கே, சித்தப்பா" என்றாள். 'சோதனைக் குழாயில்' என்பதை மட்டும் எடுத்துவிடாதே என்றேன்.