பரிசு என்று நினைத்துத் தொட வேண்டாம்: 'கிஃப்ட்' என்ற சொல்லைப் பற்றி

செவிலியர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஜெர்மன் மொழியின் பி2 நிலைத் தேர்வை முடித்து, விசாவும் வந்து, பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களிடம்கூட ஒரு சொல்லைப் பலகையில் எழுதி வாசிக்கச் சொல்வேன்: கிஃப்ட்நோட்ரூஃப். அதுவரை அதைப் பார்க்காதவர்கள் ஆங்கிலத்தை வைத்து உடைப்பார்கள். முதல் துண்டு பரிசு, இரண்டாவது துண்டு 'இல்லை', மூன்றாவதைக் கூரை என்று குத்துமதிப்பாகச் சொல்வார்கள். வகுப்பே சிரிக்கும். ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம், நோட் என்றால் ஆபத்து அல்லது அவசரம், ரூஃப் என்றால் அழைப்பு. யாராவது விஷத்தை விழுங்கிவிட்டால் கூப்பிட வேண்டிய தொலைபேசிச் சேவைக்குத்தான் அந்தப் பெயர்.

தெரியாத சொல்லால் பெரிய ஆபத்தில்லை. அகராதியைப் புரட்டுவோம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம். ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கும் சொல்லை யாரும் சரிபார்ப்பதில்லை. கிஃப்ட் அந்த ரகம். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அதே நான்கு எழுத்து, கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு.

இத்தனைக்கும் இவை தற்செயலாக ஒரே மாதிரி அமைந்த சொற்கள் அல்ல. ஒரே வேரிலிருந்து வந்தவை. பழைய ஜெர்மானிய மொழிகளில் 'கொடு' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் இது. கொடுப்பது, கொடுக்கப்பட்டது என்பதே ஆதிப் பொருள். பழைய ஆங்கிலத்தில் இது பெண்ணுக்காகக் கொடுக்கும் விலையைக் குறித்தது, பன்மையில் சொன்னால் திருமணம். அந்தப் பழைய வடிவம் தொடர்ந்திருந்தால் இன்று ஆங்கிலேயர்கள் 'யிஃப்ட்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அழுத்தமான 'கி' ஒலி ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழி வழியே வந்தது.

அந்த ஸ்காண்டிநேவியாவிலோ இன்னும் வேடிக்கை. ஸ்வீடிஷ், நார்வீஜியன், டேனிஷ் மூன்றிலும் கிஃப்ட் என்றால் 'திருமணமானவர்' என்றும் பொருள், 'விஷம்' என்றும் பொருள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் இன்றைய உச்சரிப்பு 'யிஃப்ட்'. இதை வைத்து அந்த ஊர்க்காரர்கள் அடிக்கும் ஜோக்கை நீங்களே ஊகிக்கலாம். திருமணத்துக்கு இந்தச் சொல் எப்படி வந்தது என்பது நமக்கு விளக்க வேண்டியதே இல்லை. "பெரிய பொண்ணை எந்த ஊர்ல குடுத்திருக்கீங்க?" என்று கேட்கிறோமே, அதே கணக்கு. ஜெர்மனிலும் பழைய பொருள் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிட்கிஃப்ட் என்றால் பெண்ணோடு கூடவே கொடுத்தனுப்புவது, அதாவது சீதனம். டச்சு மொழியில் கிஃப்ட் என்றால் இன்றும் நன்கொடை. விஷத்துக்கு அவர்கள் கடைசி எழுத்தைக் கழற்றி 'கிஃப்' என்கிறார்கள்.

சரி, கொடுப்பது எப்படி விஷமானது? இங்கேதான் மருத்துவம் உள்ளே வருகிறது. கிரேக்கத்தில் 'டோஸிஸ்' என்றால் கொடுத்தல். வைத்தியர் ஒரு தடவைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவுக்கு அந்தச் சொல் பெயராகி, லத்தீனுக்குப் போனது. நாம் தினமும் சொல்லும் 'டோஸ்' அதுதான். ஜெர்மானியர்கள் அதே பாணியில் தங்கள் மொழியின் 'கொடுத்தது' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கூடவே கொஞ்சம் இடக்கரடக்கலும் சேர்ந்தது. விஷம் வைத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் 'கொடுத்தான்' என்று மட்டும் சொல்வது. நாளடைவில் பரிசு என்ற பொருள் மங்கி, விஷம் மட்டும் நின்றது.

1538இல் பாராசெல்ஸஸ் என்ற மருத்துவர் எழுதிய ஒரு வாக்கியம் நச்சியல் மாணவர்களுக்கு மனப்பாடம். எல்லாமே நஞ்சுதான், நஞ்சில்லாதது எதுவுமில்லை, ஒரு பொருளை நஞ்சாகாமல் வைப்பது அளவு மட்டுமே என்பது அதன் சாரம். ஜெர்மன் மூலத்தில் நஞ்சு வரும் இடத்தில் கிஃப்ட், அளவு வரும் இடத்தில் டோஸிஸ். இரண்டுமே 'கொடுத்தது'தான்! அவர் இதை நினைத்து எழுதினாரோ இல்லையோ, எனக்கு ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் சுவாரசியமாக இருக்கிறது.

மருந்தும் விஷமும் ஒரே சொல்லுக்குள் இருப்பது ஜெர்மானியர்களுக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. பழைய கிரேக்கத்தில் 'ஃபார்மகான்' இரண்டையும் குறித்தது. இன்றைய கிரேக்கத்தில் 'ஃபார்மகோ' மருந்து, 'ஃபார்மகி' விஷம். ஃபிரெஞ்சில் விஷத்தைக் குறிக்கும் சொல் லத்தீனில் வெறும் 'குடிக்கும் பானம்'. நம் ஊர் அவசர சிகிச்சைப் பிரிவில் "மருந்து குடிச்சிட்டான்" என்று ஒரு தாய் அலறினால் எந்தச் செவிலியரும் என்ன மாத்திரை என்று கேட்பதில்லை. பூச்சிமருந்தா, எலிமருந்தா என்றுதான் கேட்பார். இதே வாக்கியத்தைத் தமிழ் தெரியாத ஒருவர் சொல்லுக்குச் சொல் புரிந்துகொண்டால் என்ன ஆகும்?

அப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது. 1980இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் 'இன்டாக்ஸிகாடோ' என்ற ஸ்பானியச் சொல் பேச்சில் வந்தது. ஆங்கிலத்தில் அதைப் போலவே ஒலிக்கும் சொல்லுக்குப் போதை என்று பொருள். போதைமருந்தை அளவு மீறி எடுத்துக்கொண்டதாக நினைத்து அதற்கே சிகிச்சை நடந்தது. மூளையில் ரத்தக் கசிவு இருந்தது இரண்டு நாளுக்கு மேல் கழித்தே தெரிந்தது. அவருக்குக் கைகால்கள் செயலிழந்தன. வழக்கு சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை அங்கே யாரும் கூப்பிடவில்லை. இரு தரப்புமே புரிந்துவிட்டதாக நினைத்திருந்தார்கள்.

இதனால் என் வகுப்பில் இந்தச் சொற்களைத் தனியாக எழுதிவைக்கச் சொல்கிறேன். ஜெர்மனில் 'டோஸ' என்று ஒன்று உண்டு. ஆங்கில டோஸின் அதே எழுத்துகள், பொருளோ தகர டப்பா. 'பிராண்ட்' என்றால் தீ. காயத்தைப் பற்றிப் பேசும்போது அது திசு அழுகலைக் குறிக்கும். கதவின் மேல் 'நோட்' என்று தொடங்கும் பலகையைப் பார்த்தால் போகக்கூடாத வழி என்று நினைக்காதீர்கள், அவசர வழி அது. ரசாயனப் புட்டியில் சிவப்புக் கட்டத்துக்குள் மண்டையோடு இருந்து பக்கத்தில் 'கிஃப்டிஹ்' என்றிருந்தால் விஷத்தன்மை உள்ளது என்று பொருள்.

கடைசியாக, ஐரோப்பாவில் குழந்தைகளோடு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஜெர்மனியில் விஷ அவசரத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே எண் கிடையாது. பகுதிக்கு ஒரு மையம். பெர்லினுக்கு 030 19240. வேறு பல மையங்களும் அந்தந்த ஊர்க் குறியீட்டோடு 19240 என்றே முடியும். ஸ்விட்சர்லாந்தில் 145, ஆஸ்திரியாவில் 01 406 43 43, நார்வேயில் 22 59 13 00. ஆள் மயங்கியிருந்தாலோ மூச்சுத் திணறினாலோ இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நேராக ஆம்புலன்ஸ்: ஜெர்மனியில் 112, ஸ்விட்சர்லாந்தில் 144, நார்வேயில் 113.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், பாலும் வேண்டாம். யார், என்ன வயது, என்ன எடை, எதை விழுங்கினார், எவ்வளவு, எப்போது, இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பார்கள். புட்டியையோ அட்டையையோ கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். லேபிளில் உள்ள பெயரைப் படிக்க வராவிட்டால் எழுத்து எழுத்தாகச் சொன்னால் போதும்.